கழித்தது போக

முதல் திருப்பத்தில் சற்று உட்கார்ந்து எழுந்து பையைத் தோளில் ஏற்றியபோது, அது லேசாகியிருந்தது.

பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. நிறைகுடத்திலிருந்து யாரோ ஒரு செம்புத் தண்ணீரை மொண்டுவிட்டால் இடுப்புக்கு மட்டும் தெரியுமே, அந்த அளவு. அவள் முழங்காலை மடித்து, பையைத் தொடையில் ஏற்றி, அங்கிருந்து முதுகுக்குத் தள்ளினாள். தள்ளிய வேகத்துக்குக் கனம் போதவில்லை. பை முன்னதாகவே வந்து முதுகில் மோத, ஓரடி தடுமாறினாள்.

"என்ன அண்ணி, இறங்கறதுக்கே இப்படின்னா நேத்து எப்படி ஏறுனீங்க?" பின்னால் நின்ற கொழுந்தன் சிரித்தான்.

"கால் மரத்துப் போச்சு."

"எனக்குக் கால் இருக்கறதே மறந்து போச்சு. குனிஞ்சு பார்த்தா தொப்பைதான் தெரியுது."

வீட்டில் எல்லோருக்கும் அவன் மூட்டை. சின்ன வயதில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்த அண்ணன் வைத்த பெயர். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். வேனில் வரும் பிள்ளைகளுக்கும் அவன் மூட்டை மாமாதான். அந்த அண்ணன்தான் அவளுடைய கணவர். இதே மலையில் இறந்து ஓராண்டு ஆகிறது. அவர் விட்டுப்போன கேமராவை மேலே தங்கும் விடுதியிலிருந்து எடுத்துக்கொண்டு, கீழே வேன் நிற்கும் சாலையை நோக்கி இருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் வந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் எழுந்து, மரங்களின் இடுப்பு வரை நிரம்பி, பாதையின் ஓரங்களை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தது. காய்ந்த ஊசியிலைகள் காலடியில் நசுங்கும் சத்தம், எங்கோ நீர் சொட்டும் சத்தம், பையின் வார்கள் தோளில் உராயும் சத்தம், அதற்கும் பின்னால் மூட்டையின் கொழுத்த மூச்சு, எல்லாம் அந்தப் பனிக்குள் பஞ்சில் சுற்றிவைத்த மாதிரி அருகிலேயே கேட்டன. கனம் குறைந்தது பிரமையாக இருக்கலாம் என்று நினைத்தாள். சுமை தூக்குகிற உடம்பு, கொஞ்ச நேரத்தில் சுமையைப் பற்றிப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அது கணவர் சொன்னது.

சுமையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அவருடையது பெரிய மரக் கேமரா. ஒரு படத்துக்கு ஒரு ஃபிலிம் தாள், தபால் கார்டு அளவில். நடுவில் துருத்தி, பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி, அதில் மலையும் வானமும் தலைகீழாக விழும், அதைப் பார்க்கத் தலையோடு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிய வேண்டும். இவ்வளவையும் முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர் மற்ற எல்லாவற்றிலும் கனத்தைக் குறைத்தாக வேண்டும், உண்மைதான். லென்ஸை அதன் தோல் உறையிலிருந்து எடுத்துக் கம்பளிக் குல்லாயில் சுற்றினார். குல்லாய் எப்படியும் வேண்டும், உறை எதற்கு? முக்காலி காற்றில் ஆடாமலிருக்கக் கனம் கட்டித் தொங்கவிட வேண்டும். வெறும் வலைப்பை போதும், கல்லை மலை கொடுக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். வரைபடத்தின் வெள்ளை ஓரங்களைக் கத்தரித்தார். பையின் வார்களில் மிஞ்சிய நுனிகளை வெட்டி, மெழுகுவர்த்தியில் காட்டிப் பொசுக்கினார். வீடு முழுக்க அன்று பிளாஸ்டிக் கருகிய வாடை.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, போர்வை விரித்து, எல்லாப் பொருளையும் பரப்புவார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேட்பார்: "இது இல்லாம படம் எடுக்க முடியாதா?" முடியும் என்றால் அது இடது பக்கம் போகும். அங்கே வரிசையாக, கீழ்விளிம்புகள் ஒரே கோட்டில் வர, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்குவார்.

"சோறு இல்லாம கூட எடுக்கலாம்" என்று ஒருமுறை அவள் சமையலறையிலிருந்து குத்தலாகச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அதைப் பற்றி யோசித்தார்.

முதலில் அவளும் கூடப் போய்க்கொண்டிருந்தாள். ஃபிலிம் தட்டுகளைச் சுமப்பது அவள் வேலை. பிறகு ஒரு நாள், மேசைமேல் இருந்த பொருள்களைப் பார்த்த அதே பார்வையில் அவளைப் பார்த்துச் சொன்னார்: "நீ வந்தா உனக்கொரு தூங்கற பை, உன் தண்ணி, உன் சாப்பாடு. உன் கனம் கூட பரவாயில்ல. உன்னால வர்ற கனம்தான்." அதற்குப் பிறகு அவள் போகவில்லை. குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தபோதும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். கடைசிப் பயணத்தன்று அவர் கிளம்பிப் போன பிறகு மேசையைப் பார்த்தாள். இடது வரிசையின் முடிவில் குளிர்கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. பாதி வழியில், பள்ளத்தாக்கைப் பார்க்கும் ஒரு பாறைத் திட்டில், பனி விலகக் காத்திருந்தவர் விறைத்துப் போனார். நல்லவேளை நீ கூடப் போகலை என்று ஊரே அவளிடம் சொன்னது. வேண்டாததென்று ஒதுக்கப்பட்டதால் பிழைத்தவள் அவள்.

இன்று காலை விடுதிக்காரர் அறையின் மூலையைக் காட்டினார். "உடம்பைக் கொண்டு போனவங்க, ஆளே இந்தக் கனம் கனக்கறார், இது வேறயான்னுட்டு விட்டுட்டாங்கம்மா. நான்தான் திட்டுலேர்ந்து மேல தூக்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம் தொடலை."

அவள் ஃபிலிம் தட்டுகளை எடுத்துப் பார்த்தாள். எடுக்காத ஃபிலிம் என்றால் தட்டின் மூடியில் வெள்ளை விளிம்பு மேலே தெரியும். எடுத்ததும் அதைத் திருப்பிக் கறுப்பு விளிம்பு தெரியச் செருகுவார். எல்லாத் தட்டிலும் வெள்ளை. ஒரு படம்கூட எடுக்காமல் செத்திருக்கிறார்.

அந்த ஆத்திரத்தில்தான் அப்படிச் செய்தாள். அவர் பையில், கேமராவுக்கும் தட்டுகளுக்கும் இடையில், கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்தாள். துண்டு, டம்ளர், பிஸ்கட் பாக்கெட், ஸ்வெட்டர், டார்ச், சோப்பு, மாற்றுச் செருப்பு. சுமக்கட்டும் அவருடைய பை. அப்போது விடுதித் தொலைபேசியில் மூட்டையின் மனைவி கூப்பிட்டாள். "அக்கா, அவருக்குப் பனி ஆகவே ஆகாது. இன்ஹேலரை நீங்களே வச்சுக்கங்க. அவர்கிட்ட குடுத்தா எங்கயாவது போட்டுட்டு இளிச்சுக்கிட்டு நிப்பார். எனக்கு அவரை முழுசா கொண்டு வந்து சேத்துடுங்க, அவ்வளவுதான்." சரி என்றாள். இன்ஹேலரை லென்ஸ் இருந்த உள்பைக்குள், குல்லாய்க்குப் பக்கத்தில் செருகினாள்.

இரண்டாவது திருப்பத்தில் பாதையோரமாக ஒரு தட்டைக் கல் இருந்தது. அதன்மேல் ஒரு சோப்பு, ஒரு டம்ளர், ஒரு பிஸ்கட் பாக்கெட், மடித்த துண்டு.

"பாருங்க, யாரோ கடை போட்டிருக்காங்க" என்றான் மூட்டை.

அவள் குனிந்தாள். கீழ்விளிம்புகள் ஒரே கோட்டில் இருந்தன. இடையில் ஒரு விரல் இடைவெளி. டம்ளரின் விளிம்பில் இருந்த நசுங்கல் அவளுக்குத் தெரிந்த நசுங்கல். பையை இறக்கித் திறந்தாள். அந்த நான்கும் உள்ளே இல்லை.

"விளையாடாதே மூட்டை."

"நானா? உங்க பின்னாலதானே வர்றேன்? எப்ப முன்னால போய் வச்சேன்?" அவன் நிஜமாகவே காயப்பட்டிருந்தான். "அதுவும் பிஸ்கட்டை! நான் தின்னுட்டு கவரை வைப்பேன் அண்ணி. முழு பாக்கெட்டை விட்டுட்டு போற ஆளா நான்?"

அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. விடுதிக்காரர் வேறு வழியாக இறங்கி வேடிக்கை காட்டுகிறாரா என்று பார்த்தாள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம், வழி இது ஒன்றுதான். எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்து, வாரை இறுக்கிக் கொக்கியை மாட்டினாள். நுனி வெட்டிய வார் என்பதால் இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. விரல் நகம்தான் வலித்தது. கல்லின்மேல் ஒரு வாடை நின்றது. மெல்லிய, மூக்கின் உட்புறத்தை அரிக்கிற புளிப்பு. இருட்டறையில் ஃபிலிம் கழுவிவிட்டு வரும் இரவுகளில் அவர் கைகளில் இருக்கும் வாடை. சோப்புப் போட்டாலும் போகாது; அந்தக் கையோடுதான் பக்கத்தில் வந்து படுப்பார்.

நடந்தார்கள். பனி இப்போது மரங்களின் தலையையும் மூடிவிட்டது. அவள் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு அடிக்கும் பையின் கனத்தைத் தோளால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள், பல் வலிக்கிறவள் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல. கனம் இருந்தது. கனம் இருந்தது. பிறகு காதுக்கு மிக அருகில், பிடரிக்குப் பின்னால், கொக்கி கழலும் சின்னச் சத்தம் கேட்டது.

சட்டென்று திரும்பினாள். மூட்டை தூரத்தில், பனிக்குள் ஒரு சாம்பல் உருவமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"ஏதாவது பேசிக்கிட்டே வா" என்றாள்.

"என்ன பேசறது? மூச்சே பேச மாட்டேங்குது."

"எதையாவது. உன் வேனைப் பத்திச் சொல்லு."

அவன் சொன்னான். முன்சீட்டுக்குச் சண்டை போடும் இரட்டைப் பெண்களைப் பற்றி, தினமும் வாந்தியெடுக்கும் ஒருத்தனைப் பற்றி, அந்தப் பையனின் அம்மா அதற்கும் மூட்டை மேலேயே பழி போடுவதைப் பற்றி. குரலைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். அடுத்த கல்லைக் கண்டபோது அவள் நின்றதை வைத்தே அவனுக்குப் புரிந்துவிட்டது.

டார்ச். மாற்றுச் செருப்பு. ஸ்வெட்டர். அவளுடைய கைபேசி, அது பையில்கூட இல்லை, சட்டைப் பைக்குள் இருந்தது. சோப்பு, டம்ளர், பிஸ்கட், துண்டு, மறுபடியும். வரிசையின் முடிவில் மூட்டையின் மழைக்கோட்டு, அவன் தோள்பையிலிருந்து, நான்காக மடிக்கப்பட்டு.

மூட்டை மழைக்கோட்டைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணன் அடுக்கற மாதிரியே இருக்குல்ல?" என்றான், பிள்ளைகள் கேட்பது மாதிரி.

"உளறாதே."

"அந்தப் பெட்டிதான் அண்ணி. அதை இங்கயே போட்டுட்டு போயிடலாம். அதுக்கு என்ன வேணுமோ அது எடுத்துக்கட்டும். நம்மளை விட்டாப் போதும்."

சொல்லும்போதே அவன் மார்பிலிருந்து ஒரு சின்ன விசில் வந்தது. அவள் அதைக் கேட்டாள். கேட்டும், பையின் வாரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "பாரம்னு சொல்லி எதையும் வழியில போட்டுட்டுப் போற பழக்கம் உங்க அண்ணனுக்கு. எனக்கில்ல."

"பழக்கத்தைப் பத்திப் பேசற நேரமா இது?"

"நட."

கல்லின்மேல் இருந்ததை இந்த முறை இருவருமே தொடவில்லை.

கொஞ்ச தூரம்தான். பேச்சு நின்றது. விசில் பெரிதானது. பிறகு காலடிச் சத்தம் நின்றது. அவள் திரும்பி ஓடினாள். மூட்டை பாதையின் நடுவில், தொடைகளில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. ஒரு கையை மட்டும் நீட்டி, கட்டைவிரலால் காற்றை அழுத்திக் காட்டினான். இன்ஹேலர்.

உள்பையைத் திறந்தாள். குல்லாய். அதற்குள் லென்ஸ். வேறொன்றுமில்லை. குல்லாயை உதறினாள். பையைக் கவிழ்த்தாள். கேமரா, தட்டுகள், முக்காலி, கறுப்புத் துணி, வெறும் வலைப்பை. படத்துக்கு வேண்டியவை மட்டும். அள்ளித் திரும்பப் பைக்குள் திணித்து முதுகில் மாட்டினாள்.

"உட்காரு. இங்கயே உட்காரு. பாறையில சாஞ்சுக்கோ." அவன் சட்டைக் காலரைத் தளர்த்தினாள். "அது முன்னால இருக்கும். அடுத்த கல்லுல இருக்கும். எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

அவன் அவள் சட்டை நுனியைப் பிடித்தான். போகாதே என்று தலையசைத்தான்.

"உன்னை இழுத்துக்கிட்டுப் போனா நேரமாகும்டா" என்றாள். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று தெரிந்தது. அவன் விரல்களைப் பிரித்துவிட்டு ஓடினாள்.

ஓடினாள். ஊசியிலைகள் வழுக்கின. புளிப்பு வாடை முன்னாலிருந்து வந்தது, காற்றே இல்லாமல். வாடையைப் பார்த்தே ஓடினாள். கால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும். இவ்வளவு வேகமாக அவள் ஓடியதே இல்லை. பாதை வளைந்தது. மரங்கள் நின்றுபோயின. அவர் விறைத்துப்போன பாறைத் திட்டு.

வரிசை அங்கே இருந்தது.

இன்ஹேலர். பக்கத்தில் அதன் மூடி, தனியாக. மூக்குக்கண்ணாடி. கைக்கடிகாரம். சுருட்டிய பெல்ட். ஷூ, ஜோடியாக, உள்ளே மடித்த காலுறைகள்.

அதற்கடுத்து மூட்டை.

மேலே, பாதையில் உட்காரவைத்துவிட்டு வந்த மூட்டை. மல்லாந்து கிடந்தான். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. வெறுங்குதிகால்கள் ஷூக்களின் கோட்டில் நின்றன. இடையில் ஒரு விரல் இடைவெளி.

உயிர் இருந்தது. மார்பு ஏறி இறங்கியது. உதடுகள் கறுத்திருந்தன. கண்கள் மட்டும் உருண்டு அவளிடம் வந்தன.

இன்ஹேலர் அவளுக்கு எட்டிவிடும் தூரம். குனிந்தால் போதும்.

முதுகில் கனமே இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோனாள். பை இருந்தது. தட்டிப் பார்த்தாள். காற்று.

நிமிர்ந்தாள்.

எதிரே பனியில் முக்காலி விரிந்து நின்றது. அதன்மேல் கேமரா, துருத்தி நீண்டு, லென்ஸ் அவளைப் பார்த்தபடி. பின்னால் கறுப்புத் துணி. துணி வெறுமனே தொங்கவில்லை. உள்ளே ஒரு தலை இருந்தது, இரண்டு தோள்கள், குனிந்த ஒரு முதுகின் வளைவு. துணிக்குக் கீழே முக்காலியின் மூன்று கால்கள். வேறு கால்கள் இல்லை.

"அண்ணி." மூச்சில் பாதி, சொல்லில் பாதி.

குனியப் போனாள். அப்போது துணியின் ஓரம் விலகி ஒரு கை வெளியே வந்தது. வெளுத்து, நனைந்து, நகக்கண்களில் இருட்டறைக் கறையோடு. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். எந்த மலையிலும், எந்த ஆற்றங்கரையிலும், அவள் தவறிப்போய் முன்னால் வந்துவிட்டால் அது வெளியே வந்து இரண்டு விரலால் காற்றைத் தள்ளும். தள்ளு. இன்னும். வெளியே போ. அவர் எடுத்த படங்களில் மலைகள் இருந்தன, மரங்கள் இருந்தன, உடைந்த பாலங்கள் இருந்தன. ஒன்றில்கூட அவள் இல்லை.

இப்போது கை தள்ளவில்லை. உள்ளங்கை விரிந்தது. நில்.

நின்றாள்.

இரண்டு விரல்கள் மெல்ல மேலே உயர்ந்தன. முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்து.

குனிய வேண்டும். கை நீட்ட வேண்டும். அவன் மனைவி வாசலில் நிற்பாள். எல்லாம் தெரிந்தது. எல்லாம் தெரிந்தும், கழுத்தில் ஏதோ ஒன்று, எத்தனையோ வருடங்களாகச் சுருண்டு கிடந்த ஒன்று, தானாகத் தலையெடுத்தது.

முகத்தை நிமிர்த்தினாள்.

டிக். ஷட்டர் திறந்தது.

இந்த மாதிரி மங்கிய வெளிச்சத்தில் அது நெடுநேரம் திறந்தே இருக்கும். மூடுகிற வரைக்கும் அசையக் கூடாது. அசைகிறது எதுவும் ஃபிலிமில் தங்காது, புகையாகக் கரைந்துபோகும்.

வரிசையிலிருந்து விசில் கேட்டது. மெலிந்தது. நூலாகியது. விரல்கள் பாறையைப் பிறாண்டும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

துணியிலிருந்து வந்த கை நீட்டியபடியே இருந்தது.

பனி வந்து அவளுடைய திறந்த கண்களில் படிந்தது. அவள் இமைக்கவில்லை. மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.